வெயிலே வராத கூடம்

கம்ப்யூட்டருக்குள் சூரியனை உதிக்க வைக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே நிஜமாக உதிக்கிற சூரியனை அப்புறம் மதிக்கவே மாட்டார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில்தான், மலை மேல் இருக்கிற புதூர்நாட்டில் என்னை நம்பி ஒரு கூடம் கட்டக் கொடுத்தார்கள்.

நான் கட்டடக் கலை படித்தவள். மேற்படிப்பில் ஆராய்ந்தது பகல் வெளிச்சம். கட்டப்போகிற கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். இது எந்த ஊர், எந்த மாதம், மணி என்ன என்று அதற்குச் சொல்ல வேண்டும். அது உடனே சூரியனைக் கொண்டுவந்து நிறுத்தி, எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கலர் கலராகக் காட்டும். கண் கூசுகிற இடம் சிவப்பு, இதமான இடம் பச்சை. (உலகத்தையே அப்போது இந்த இரண்டு நிறத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை முழுக்கச் சிவப்பு என்று அறிவித்து, "அப்ப பச்சையா கீற எடத்துல போய் துன்னு" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.)

கூடம், புளி சுத்தம் செய்கிற பெண்கள் குழுவுக்காக. குழுத் தலைவி காசியம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"வெளிச்சம் வேணும்மா. வெயில் வேணாம். கண்ணு கூசுனா புளியில கொட்டை கீதா இல்லியான்னே தெர்ல."

"வெயிலே வராது, நான் கேரண்டி" என்றேன்.

வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் வானத்து வெளிச்சம் வரும், வெயில் வராது. இது முதல் வருஷப் பாடம். சாலை பார்த்த நீளச் சுவர்தான் வடக்கு. அதில் உயர உயரமாக ஜன்னல்கள் வைத்தேன். எதிர்ச் சுவரில் ஒரு ஓட்டை கிடையாது. கம்ப்யூட்டரில் பன்னிரண்டு மாதமும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை! சுழல் நாற்காலியோடு சேர்ந்து நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

கட்டியது கோடையில், சூரியன் நடு உச்சியில் நின்ற மாதங்களில். பூச்சு வேலை முடிந்தபோது மழைக்காலம். மலை முழுக்க மேகம். எப்போது போய்ப் பார்த்தாலும் கூடத்துக்குள் பால் போல வெளிச்சம். என் மேல் எனக்கே மரியாதை கூடிக்கொண்டே போனது.

பொங்கல் கழிந்து திறப்பு விழா. கணியம்பாடியிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைசித் தூரம் ஜீப். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. செய்தியைக் கொண்டுசேர்க்கிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"எம் பொண்ணு கட்ன கூடத்துல வெயிலே வராதுங்க" என்று ஜீப்பில் இருந்த எல்லோரிடமும் சொன்னார்.

"எங்க வூட்லயும்தான் வராது" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஜன்னலே கெடயாது."

சிறப்பு விருந்தினர், கட்டடத்துக்கு உதவிய அறக்கட்டளையின் தலைவர். பெரியவர், மெதுவாகப் பேசுபவர். பக்கத்துக் கிராமத்தில் இதே போல இன்னொரு கூடம் கட்டுவதா வேண்டாமா என்று அன்றைக்கு அவர்தான் முடிவு சொல்லப்போகிறார். எனக்கு அது வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆசை.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். வெளியே காலை மூடுபனி இன்னும் கலையவில்லை. நான் மைக்கைப் பிடித்து, அறிவியல், ஆராய்ச்சி என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, "இந்தக் கூடத்துக்குள் சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்க்காது!" என்று முடித்தேன்.

கைதட்டல் வந்தது. கூடவே சூரியனும் வந்தது.

பனி விலகியிருந்தது. அத்தனை ஜன்னலிலிருந்தும் வெயில் கட்டம் கட்டமாக இறங்கி, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

தலைவர் பேச எழுந்தார். அவர் போட்டிருந்தது, வெயில் பட்டால் தானாகக் கறுக்கிற கண்ணாடி. "அன்பார்ந்த சகோதரிகளே" என்று ஆரம்பிப்பதற்குள் அது அடர்கறுப்பாகிவிட்டது. அவர் கையில் இருந்த காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

"கரென்ட் போயிடுச்சா?"

"இல்லீங்க சார்" என்று முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்து உரக்கச் சொன்னார். "வெயில் வந்துடுச்சி."

மைக்கை நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் வெயிலும் நகர்ந்து வந்தது. மறுபடி நகர்த்தினார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அப்பா மேடையேறிக் குடையை விரித்து, உற்சவ மூர்த்திக்குப் பிடிப்பதுபோலத் தலைவருக்குப் பிடித்தார். புத்தம் புதுக் கூடத்துக்குள், கூரைக்குக் கீழே, குடை!

அந்த நேரத்தில் எந்தப் பைத்தியமும் செய்யாத ஒரு காரியத்தை நான் செய்தேன். லேப்டாப்பைத் திறந்து தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"சார், இங்க பாருங்க. நீங்க நிக்கிற இடத்துல வெயிலே இல்ல."

வியர்வை வழிய, கறுப்புக் கண்ணாடி வழியாக அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையேம்மா."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். அம்மா என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏன்டி, இது இன்னா திக்கு?"

"வடக்கும்மா."

"தை மாசத்துல வடக்கால எப்டிடி வெயிலு வரும்?"

செல்போனில் திசைகாட்டியைத் திறந்தேன். முள், ஜன்னலே இல்லாத சுவரைக் காட்டியது. போனை உதறினேன். அப்போதும் அதே சுவர். அப்போதுதான் நில வரைபடம் ஞாபகம் வந்தது. சாலை அதில் மேலே இருந்தது; மேலே இருப்பதுதானே வடக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டேன். ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு குட்டி அம்புக்குறி இருந்தது உண்மைதான். அதை நான் 'மறுபக்கம் பார்க்கவும்' என்று நினைத்துக்கொண்டேன். (பார்த்தும் இருக்கிறேன். மறுபக்கம் காலியாக இருந்தது.)

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். தரையும் நான் போட்டதுதான், கெட்டியாக இருந்தது.

இதற்குள் வாசலில் ஒரே சத்தம். வெளியே காயப்போட்டிருந்த புளியில் கோழிகள் இறங்கிவிட்டன. ஓடிப்போய் விரட்டிய காசியம்மா, திரும்பி வரும்போது புளியைப் பாயோடு இழுத்துக்கொண்டு வந்தாள். மேடைக்கு முன்னால், வெயில் விழுந்த கட்டத்தில் அதை விரித்துப் போட்டாள்.

"இன்னா காசியம்மா, விழா நடக்குது!" என்றார் யாரோ.

"நடக்கட்டும். வெளில கோயி கெளறிக்கினே கீது. இங்க வெயிலும் கீது, சாத்தறதுக்குக் கதவும் கீது."

அவ்வளவுதான். ஆளாளுக்குப் பாயோடு உள்ளே வந்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்கு பக்கமும் புளி சூழ நின்று, உரை எதுவும் இல்லாமல், கண்ணில் நீர் வர ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "அடுத்த கூடத்தையும் இந்தப் பொண்ணே கட்டட்டும். அந்த வெயில் ஜன்னலோட."

பாதி ஜன்னலுக்கு மூங்கில் தட்டி போட்டுக் கொடுத்தேன். அந்தப் பாதியில் கண் கூசாமல் கொட்டை எடுக்கிறார்கள், மறு பாதியில் புளி காய்கிறது. இரண்டாவது கூடத்துக்குத் திசையைச் சரியாகச் சொல்லி, வேண்டுமென்றே தெற்கில் ஜன்னல் வைத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் வீட்டில் என் கதை அத்தோடு முடிந்துபோயிற்று. நான் எந்தத் திசையைச் சொன்னாலும், "உன் வடக்கா, ஊர் வடக்கா?" என்று கேட்காமல் யாரும் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைத்தான் முதலில் சொன்னாள். (காபி அப்புறம்தான் வந்தது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில்தான் சம்மதித்தேன்.)

போன மாதம் படவேட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்தில் கூட்டம். அப்பாவுக்கு போன் செய்து, "வடக்கு வாசல்ல நிக்கிறேன்ப்பா, வந்துடுங்க" என்றேன்.

அப்பா இந்த முறை எதுவுமே கேட்கவில்லை. நேராகத் தெற்கு வாசலுக்கு வந்தார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.