பாசி ஒழிப்புப் போராட்டக் குழு

ஒரு காட்டில் நடந்திருக்க வேண்டிய கதை இது. காடு கிடைக்காததால், ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீருக்குள் நடந்தது. கதைக்கு முன்னால் அநீதிகளைச் சொல்லியாக வேண்டும். வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றுகிறவன் எதிரியின் ஆள்.

முதலாவது, குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு அதைக் கடல் என்று அறிவித்தார்கள். இரண்டாவது, காத்திருக்கும் நோயாளிகளுக்குக் கண்குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று விளக்கைப் பதினான்கு மணி நேரம் எரியவிட்டார்கள். மூன்றாவது, வடிகட்டியின் பஞ்சைப் பொங்கலுக்குப் பிறகு யாரும் கழுவவில்லை. நான்காவது, பாசி முளைத்தது. ஐந்தாவது, அதைத் தின்பதற்கு ஒரே ஒரு நத்தையை நியமித்தார்கள்.

அந்த நத்தையின் பெயர் ஒச்சம்மா. அவள் ஒரு விரல் அகலம் தின்றால் இரண்டு விரல் அகலம் வளர்ந்தது. பச்சை முடி போன்ற அந்தப் பாசி, பாறையில் ஒட்டி வாழ்ந்த இதழரசி என்ற பவளத்தின் கழுத்துவரை ஏறிவிட்டது. பவளத்துக்குக் கால் இல்லை. அநீதி ஏறி வரும்போது அது எழுந்து போக முடியாது.

"ஒச்சக்கா, வெளிச்சமே படமாட்டேங்குது. இன்னும் பத்து நாள் தாங்குவேனா தெரியல" என்றாள் இதழரசி.

ஒச்சம்மா நேராக நீலமேகத்திடம் போனாள். நேராக என்றாலும் நத்தை என்பதால் அரை நாள் ஆயிற்று. நீலமேகம் ஒரு பெரிய நீல மீன். அவன் இனத்துக்குப் பாசிதான் பரம்பரை உணவு. அவன் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் பாறையை மொட்டையடித்துவிடுவான்.

"அண்ணே, நீங்க வந்து ரெண்டு வாய் மேஞ்சாலே போதும்."

"தோழர், தனிநபர் மேய்ச்சல் தீர்வாகாது. இது கொள்கைப் பிரச்சினை. போராட்டம்தான் வழி" என்றான் நீலமேகம்.

மறுநாள் காலை எல்லா மீன்களும் முன்கண்ணாடியில் திரண்டன. தொட்டிக்கு மேலிருந்து அவ்வப்போது இறங்கும் கைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நிர்வாகம். "நிர்வாகமே, பாசியை அகற்று!" என்று வாயைத் திறந்து மூடி முழங்கினார்கள். பத்தே நிமிடத்தில் கை இறங்கியது. ஒரு சிட்டிகை தீனியைத் தூவியது.

"பார்த்தீர்களா! முதல் நாளிலேயே நிர்வாகம் பணிந்துவிட்டது!" என்றான் நீலமேகம், வாய் நிறைய.

தின்றது போக மீதி அடியில் படிந்து அழுகியது. பாசி அதைத் தின்று கொழுத்தது. மறுநாள் போராட்டம் தீவிரமானது. தீனி இரண்டு சிட்டிகை ஆனது. நான்காம் நாள் பாசி இதழரசியின் வாயைத் தொட்டது.

முன்கண்ணாடியில் ஒட்டியே பிழைப்பு நடத்திய ஒச்சம்மாவுக்கு மட்டும் வெளியே பேசுவது கேட்டது. வரவேற்பு மேசைப் பெண் தீனி டப்பாவுடன் ஓடிவந்து, "அச்சச்சோ, செல்லங்களுக்குப் பசி போல" என்றாள்.

ஒச்சம்மா திரும்பிக் கத்தினாள். "அண்ணே! நாம கோஷம் போடறது அவளுக்குக் கேக்கவே இல்ல. வாய் அசையறது மட்டுந்தான் தெரியுது. பசின்னு நெனச்சுக்கிறா. கூட்டம் போடறதாலதான் தீனி, தீனியாலதான் பாசி. மூணே நாள் எல்லாரும் பாறைக்குப் பின்னாடி சும்மா இருங்க. பசிச்சா நீங்களே பாசியைத் திம்பீங்க."

மீன்கள் எல்லாம் கண்ணாடியை விட்டு அவள் பக்கம் திரும்பின.

"சும்மா இருக்கச் சொல்கிறாயா?" என்றான் நீலமேகம்.

"மூணு நாள்தாண்ணே."

"கருங்காலி!" என்றது ஒரு கோமாளி மீன்.

"பாசி தீர்ந்தா உன் பொழப்பே போயிடும். நீ சொல்றத நம்பணுமா?" என்றது இன்னொன்று.

"அதத்தான் நானும் சொல்றேன். என் சோத்துல நானே மண்ணைப் போட்டுக்கிறேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றாள் ஒச்சம்மா.

நீலமேகம் ஜனநாயகவாதி. இனிக் கூட்டமே கூடுவதில்லை என்ற தீர்மானத்தை விவாதிக்கச் சிறப்புக் கூட்டம் கூட்டினான். முன்கண்ணாடியில்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை இறங்கியது. அதை நடைமுறைப்படுத்த மறுநாள் செயற்குழு கூடியது. கை இறங்கியது. மூன்று நாள் கூடாமல் இருப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி முகாம் நடந்தது. அந்த மூன்று நாளும் விளக்கவுரைக்கு நடுவே தீனி மழையாகப் பொழிந்தது. யாருக்கும் பசிக்கவில்லை. ஆகவே யாரும் பாசியைத் தின்னவில்லை.

ஒச்சம்மா மட்டும் இதழரசியின் மேல் ஏறி, வாய் தேயத் தேய மேய்ந்தாள். ஒரு சிறு துளை உண்டாக்கினாள். ஒற்றை விரல் நுழையும் அளவு வெளிச்சம் அதன் வழியே இறங்கியது.

பத்தாம் நாள் பாறை முழுக்கப் பச்சையாக இருந்தது. குழு அஞ்சலிக் கூட்டம் கூட்டியது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், ஒரு நட்சத்திர மீன் ஆகியோர் சாட்சிகளாக நின்றார்கள். நீலமேகம் துடுப்பைத் தாழ்த்தி, தியாகிகள் பட்டியலைக் குரல் தழுதழுக்க வாசித்தான்.

"பாசியை எதிர்த்த வீரப் போரில் உயிர்நீத்த தோழர் இதழரசி!"

பாசிக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் இன்னும் சாகலண்ணே. ஒரு பக்கம் கொஞ்சம் மேஞ்சீங்கன்னா பொழச்சுக்குவேன்."

சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சம்மா, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று துள்ளினாள். நத்தை துள்ளியதை யாரும் கவனிக்கவில்லை.

நீலமேகம் சற்று யோசித்தான். பிறகு இன்னும் உரக்க, சாட்சிகள் அனைவருக்கும் கேட்கும்படி, மறுபடி வாசித்தான்:

"தோழர் இதழரசி!"

கை இறங்கியது.

கதை கேட்டவர்கள் எடுத்துப்போக வேண்டிய நீதி: தியாகிகள் பட்டியலில் பெயர் வாசிக்கப்பட்ட பிறகும் உயிரோடு இருப்பது, அமைப்பின் கட்டுப்பாட்டை மீறும் செயலாகும்.