எட்டு மாதம் நான் ஓ நெகடிவ்

செய்யாத தர்மத்துக்குப் பேர் வாங்குவதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. அதை எட்டு மாதம் முழுசாக அனுபவித்தவன் நான். ஒன்பதாவது மாதம், ராமநாதபுரத்தில் ஒரு ரத்த வங்கியில், பத்துப் பேர் பார்க்க அந்தச் சுகம் முடிந்தது.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். என் பெயர் முத்துச்செல்வம், மனைவி பெயர் முத்துச்செல்வி. (கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பாதிப்பேர் அச்சுப்பிழை என்றே நினைத்தார்கள்.) கல்யாணமான புதிதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வரிசையில் நின்று விரலைக் கொடுத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். சாயங்காலம் அட்டை வந்தது. எனக்கு ஓ நெகடிவ், அவளுக்கு பி பாசிடிவ்.

“அண்ணே, ஓ நெகடிவ் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்ணே” என்று அட்டை கொடுத்தவர் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே பைக் பின்னால் ‘ஓ நெகடிவ்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டினேன். ரத்ததான வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, ஒரே வாரத்தில் அட்மினும் ஆனேன். டீக்கடையில்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன், யாராவது இடித்து நாட்டின் சொத்து கீழே சிந்திவிடக் கூடாதே! வீட்டில் செல்வியிடம், “ஒன்னோடது தெருவுக்கு நாலு பேர்கிட்ட இருக்கும். என்னோடது அப்படியா?” என்பேன். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போடுவாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல், எனக்கு ஊசி ஆகாது. எட்டு மாதத்தில் இரண்டு அழைப்பு வந்தது. ஒன்றுக்குக் காய்ச்சல் என்றேன். இன்னொன்றுக்குப் பல் பிடுங்கியிருக்கிறேன் என்றேன். (முப்பத்திரண்டும் பத்திரமாக இருந்தன.) ஆக, அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமலே நான் வள்ளலாக இருந்தேன்.

ஒரு நாள் காலையில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“அண்ணே, புதுமடத்துலருந்து ரபீக் பேசுறேன். எனக்கு வலைத் தொழிலு. என் வீட்டுல பிரசவம் ஆயிருச்சு, பிள்ளை நல்லா இருக்கு. ஆனா அவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குதுண்ணே. ஓ நெகடிவ் ஒரு பாட்டில்தான் இருந்துச்சு, அதையும் ஏத்திட்டாக. இன்னும் வேணுங்கிறாக. எங்க ஊரு பூரா கேட்டுட்டேன், யாருக்கும் இல்லண்ணே.”

அந்தக் குரலிடம் பல் பிடுங்கிய கதையைச் சொல்ல முடியவில்லை. “வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

குழுவைப் பார்த்தால், பரமக்குடியில் தறி ஓட்டும் ஒருவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: ‘எனக்கும் ஓ நெகடிவ். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வரட்டுமா?’

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிற காரியத்தை அப்போதுதான் செய்தேன். ‘வேண்டாம். நானே நேரில் போகிறேன். வேறு யாரும் அலைய வேண்டாம் – அட்மின்’ என்று போட்டு, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் பொம்மையையும் சேர்த்துப் போட்டேன். அவர் கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலையாக மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“நானும் வாரேன்” என்று பைக்கில் ஏறினாள் செல்வி. “நீங்க அங்கன விழுந்துட்டா யாரு தூக்குறது?”

ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே ரபீக் நின்றான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “அல்லாதான் உங்களை அனுப்பிருக்கான்ணே.” சொந்தக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பில்கூட எனக்கு அவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

உள்ளே ரத்த வங்கியில் ஒரு டெக்னீஷியன் அம்மா விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு வைத்து, மருந்து விட்டுக் கலக்கினார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“உங்க குரூப் என்ன?”

“ஓ நெகடிவ்!” வாசலுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“இல்லையே. பி பாசிடிவ்.”

நான் சிரித்தேன். “மேடம், நல்லாப் பாருங்க. பைக்லயே எழுதி ஒட்டியிருக்கேன்.”

“பைக்குக்கு வேணா ஓ நெகடிவா இருக்கும். உங்களுக்கு பி பாசிடிவ்.”

இன்னொரு விரலைக் கொடுத்தேன். அதுவும் பி பாசிடிவ். ரபீக் திட்டவில்லை, அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். “அப்ப வேற யாரும் வரலையாண்ணே?” என்று கேட்டான்.

வந்தவரைத்தான் நான் திருப்பி அனுப்பிவிட்டேனே! பரமக்குடிக்காரருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன், மறுபடியும் சுவிட்ச் ஆஃப். மாடியில் ஒரு பெண் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், நான் புஜத்தைக் காட்டியிருக்கிறேன். ஒரு கொலையைச் செய்துவிட்டு நிற்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டெக்னீஷியன் அம்மா என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முகாம்ல எடுத்ததா? சாம்பிள் மாறிப்போயிருக்கு. இதை நம்பியா இத்தனை நாள் இருந்தீங்க? சரி, அன்னைக்கு வரிசையில உங்களுக்கு அடுத்து யாரு நின்னா?”

யோசித்தேன். மெல்லத் திரும்பினேன். ரபீக்கும் திரும்பினான். சொந்தக்காரர்கள் மொத்தமும் திரும்பினார்கள். கூடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கதவோரம் செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

“எதுக்கு எல்லாரும் என்னையப் பாக்குறீக?” என்றாள்.

அவள் விரலைக் குத்தினார்கள். ஓ நெகடிவ்! எட்டு மாதமாக நான் என் பெண்டாட்டி ரத்தத்தில் பெருமை அடித்திருக்கிறேன், அதுவும் அவளிடமே.

எடை பார்த்தார்கள், ரத்த அளவு பார்த்தார்கள், முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. “பயமா இருக்காம்மா?” என்றார் டெக்னீஷியன் அம்மா.

“இவுக பயப்படுறதையே பாத்துப் பாத்து எனக்கு விட்டுப்போச்சு. எடுங்க.”

நான் நைசாக வெளியே நழுவப் பார்த்தேன்.

“நீங்க எங்க போறீங்க? பக்கத்துக் கட்டில்ல படுங்க.”

“எனக்கு பி பாசிடிவ்தானே மேடம்?”

“அதுவுந்தான் ஃபிரிட்ஜ்ல காலியாக் கெடக்கு. எல்லார்கிட்டயும் இருக்கேன்னு ஒருத்தரும் கொடுக்க வர்றதில்லை.”

படுத்தேன். ஊசி உள்ளே போனபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தார். செல்வி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? ரபீக். பெண்டாட்டி மாடியில் உயிருக்குப் போராட, அவன் என் நெற்றியில் துண்டால் விசிறி, “அவ்வளவுதாண்ணே, முடிஞ்சிருச்சு, கண்ணை மூடிக்கங்க” என்று தேற்றினான். அந்த வெட்கம் அந்த ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

செல்வியின் ரத்தத்தைச் சோதித்து மேலே அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் நகரவில்லை. மத்தியானத்துக்கு அப்புறம் டாக்டர் இறங்கிவந்து, “நின்னுருச்சு. இனிமே பயமில்லை” என்றார். ரபீக் செல்விக்கு எதிரே வந்து நின்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

“போங்க தம்பி, பிள்ளையப் பாருங்க” என்றாள் செல்வி. அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

அன்றைக்கே குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். பரமக்குடிக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் தானாகவே ராமநாதபுரம் வந்து, அடுத்து வருகிறவருக்கு இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். அட்மின் பொறுப்பு செல்விக்குப் போனது. அவள் கொடுக்கப் போகும்போதெல்லாம் நானும் போகிறேன். (சத்தம் இப்போது பக்கத்து வார்டு வரை போவதில்லை.)

வீட்டில்தான் என் சொல் செல்லாமல் போயிற்று. மழை வரும் என்று நான் சொன்னால், “ஏலே, டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றியா?” என்கிறார் என்னைப் பெற்ற அய்யா. எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை, எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். போன மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் முத்துச்செல்வம் என்று எழுதப் போனேன்.

மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். “இருங்கப்பா, எதுக்கும் அம்மாகிட்ட ஒருவாட்டி கேட்டுட்டு வாரேன்.”