ஈரக் கொத்தனாரும் என் ஹால் சுவரும்

மதுரை ஜில்லாவிலேயே சுவரை நம்பி மனிதனை நம்பாத ஒரே ஆள் ஈரக் கொத்தனார்தான். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நான் வீடு கட்டியபோது, பூச்சு வேலைக்கு யாரைக் கேட்டாலும் அவரைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி இல்லை.

அவருடைய பூச்சைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மட்டப்பலகையை இழுத்தார் என்றால் சுவர் கேரம் போர்டு மாதிரி இருக்கும். தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். புதுப் பூச்சு ஏழு நாள் காயக் கூடாது, தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாக் கொத்தனாரும் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். விடிந்ததும் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்து நிற்பார். கையை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"கையி காப்புக் காய்ச்சுப் போச்சு சார், அதுக்கு என்ன தெரியும்? கன்னந்தான் பொய் சொல்லாது."

ஹாலின் மேற்குச் சுவரைப் பூசிய மூன்றாம் நாள் காலையில் அப்படித்தான் கன்னத்தை வைத்து நகர்ந்துகொண்டே வந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறினார். அங்கேயும் கன்னத்தை வைத்தார். கண்ணைத் திறந்தார்.

"நேத்து மத்தியானம் தண்ணி ஊத்தலையா?"

"ஊத்துனேனே அண்ணே."

"கீழ ஊத்துனீக. மேல ஊத்தல."

உண்மைதான். ஏணியில் ஏறச் சோம்பல் பட்டுவிட்டேன். ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், தான் பூசிய பூச்சைத் தானே சுத்தியலால் கொத்தித் தள்ள ஆரம்பித்துவிட்டார். வாடகை வீட்டுக்காரர் தன் மகன் குடிவர வேண்டும் என்று எங்களுக்குக் கெடு வைத்திருந்தார். அதற்குத் தகுந்தபடி பால்காய்ச்சுக்கு நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்து முடித்திருந்தோம். நாள் தவறினால் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"அண்ணே, பத்திரிகை அடிச்சு ஊரு பூரா குடுத்தாச்சு."

"பத்திரிகையில தேதிதான போட்ருக்கீக? செவரு நல்லா இருக்கும்னு போட்ருக்கீகளா?"

மறுபடி பூசினார். ஏழு நாளில் ஒரு வேளை தப்பினாலும் திரும்பக் கொத்துவேன், தேதிக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆரம்பித்தது போன். காலை ஆறு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்றரைக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆபீசில் மேனேஜர் என்னை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தபோதுகூட அடித்தது. எடுக்காவிட்டால் சுத்தியலோடு வந்துவிடுவாரே என்று, திட்டுக்கு நடுவிலேயே எடுத்துப் பேசினேன். அதற்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது.

"கல்யாணமான புதுசுல நீங்க கூட என்னைய இம்புட்டு விசாரிச்சதில்ல" என்றாள் என் மனைவி.

மறுபடி பூசிய ஐந்தாம் நாள், டி. கல்லுப்பட்டியில் மைத்துனிக்குக் கல்யாணம். நான் மூத்த மாப்பிள்ளை, போகாமல் இருக்க முடியாது. காலைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். தாலி கட்டியதும் நைசாகத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாமனார் பந்தியை என் தலையில் கட்டிவிட்டார். சாம்பார் வாளியும் கையுமாக நிற்கும்போது போன் வந்தது.

"மத்தியானத் தண்ணி ஊத்தியாச்சா சார்?"

"இப்பத்தான் ஊத்துனேன் அண்ணே."

"மேளச் சத்தம் கேக்குதே."

"டிவி அண்ணே."

"வீட்டுக்கு இன்னும் வயரே இழுக்கலையே" என்றார். போனை வைத்துவிட்டார்.

பந்தி முடிந்து, பைக்கை விரட்டிக்கொண்டு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. வழி நெடுகக் காதில் சுத்தியல் சத்தம்தான். கதவைத் திறந்தால், சுவர் உச்சியிலிருந்து தரைவரை நனைந்து மினுமினுத்தது. கொத்தனார் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சிமெண்ட் தண்ணீர்.

"என்ன அண்ணே கோலம் இது?"

"பரவையில தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாந்தான தாய்மாமன். புள்ளைய மடியில வச்சுக் காது குத்தி முடிச்சுட்டுப் பந்தியில உக்காந்தேன். இலையில கிடாக்கறி வச்சுட்டாக. வாயில வைக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போனப் போட்டுருவோம்னு போட்டேன்."

"சாப்பிடவே இல்லையா?"

"செவரு காஞ்சுக்கிட்டு இருக்கு, எனக்கு எப்படி எறங்கும்? தாய்மாமன் இலையில இருந்து எந்திரிச்சுட்டான்னு தங்கச்சிதான் அழுதுருச்சு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"பொய் சொன்னதக் கூட விடுங்க சார்" என்றார். "ஊத்தலைன்னு நேராச் சொல்லியிருந்தா, அஞ்சு நிமிசம் முன்னாடியே கெளம்பியிருப்பேன்."

குறித்த நாளில் பால் காய்ச்சினோம். எல்லாரும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஹால் சுவரில் கன்னத்தை வைத்து நின்றார். சொந்தக்காரர்கள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தச் சுவரில் இதுவரை மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடாக்கறி எடுத்து, அவரையும் அவர் தங்கச்சி குடும்பத்தையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அந்த மேற்குச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து இலை போட்டோம். என் மனைவி கறியை அள்ளி வைத்தாள். சோற்றைப் பிசைந்தவர், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார்.

"ஒரு நிமிசம் சார். செக்கானூரணியில ஒரு வீடு பூசியிருக்கேன்."

நம்பரை அழுத்தியும் விட்டார். அவர் தங்கச்சி அவருடைய இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம். போனை வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர், "ஊத்தியாச்சு அண்ணே, ஊத்தியாச்சு" என்றார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"சார், நீங்க எங்க இருக்கீகன்னு நான் கேக்கல" என்றேன். "உடனே போயி அந்தச் செவருக்கு ரெண்டு குடம் ஊத்திருங்க. எங்க அண்ணே இலையில உக்காந்திருக்காரு. இன்னைக்காச்சும் முழுசாச் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."