ஆறு ஓட்டை, ஆறு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்காகவே படைக்கப்பட்டது என்பது என் கொள்கை. வீடு மாற்றுவதற்காகப் படைக்கப்பட்டது என்பது என் மச்சானின் கொள்கை. அதுவும் மூன்றாவது மாடிக்கு. அவர் வீட்டு பீரோ காலியாக இருக்கும்போதே நாலு ஆளைக் கேட்கும்.

"பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு கை கொடுங்க" என்றாள் மனைவி.

எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. "இன்னைக்கு முடியாது. சமையலறை வாசல் பட்டையைச் சரிபண்ணப் போறேன்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த வாசல்படியில் ஓர் இரும்புப் பட்டை. அதன் ஆறு திருகுகளும் தலையைத் தூக்கிக்கொண்டு போகிற வருகிற காலையெல்லாம் கீறும். அடித்த புண்ணியவான் நான்தான். இரண்டு மாதமாக அவள் கரடியாகக் கத்தியும் நான் காதில் வாங்கியதில்லை.

"நிஜமாவா?"

"ஓட்டையோட வாயைச் சரிவா அகட்டணும். அப்பத்தான் திருகுத் தலை உள்ள அமுங்கி உட்காரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இரும்பாச்சே! எண்ணெய் விட்டு, நிறுத்தி நிறுத்திப் போடணும். அவசரப்பட்டா டிரில் பிட்டு முறிஞ்சிடும். ஓட்டைக்கு ஒரு மணி நேரம்."

"ஆறு மணி நேரமா! பாவம் நீங்க."

அவள் பாவம் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

டிரில்லிங் மிஷினோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, படுத்தபடியே மிஷினைக் கூரையைப் பார்த்து ஓட்டினேன். கிர்ர்ர்ர்! நடுநடுவே இரண்டு இருமல், ஒரு "அப்பாடா". நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெளியே அவள் குரல் கேட்டது.

"எத்தனை ஆச்சுங்க?"

"மூணு! வேர்த்துக் கொட்டுது!"

"டீ கொண்டு வரட்டா?"

"உள்ள வராதே! இரும்புத் தூள் கண்ணுல தெறிக்கும்!"

"சரிவெல்லாம் நல்லா வருதா?"

"வெண்ணெய் மாதிரி இறங்குது."

"அது எப்படிங்க? பட்டை இங்க வாசல்படியிலதானே இருக்கு? நீங்க இன்னும் கழட்டவே இல்லையே."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அத்தனை ஏற்பாட்டிலும் பட்டையைக் கழற்றி எடுத்து வர மட்டும் மறந்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், சட்டையை எடுத்து நீட்டினாள். "அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு."

அன்று நானும் மச்சானும் பீரோவோடு மூன்று மாடி ஏறினோம். இரண்டாவது மாடியிலேயே நாங்கள் பீரோவைத் தூக்குகிறோமா, பீரோ எங்களைத் தூக்குகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். சமையலறை வாசல்படியில் கால் வைத்தேன். கீறவில்லை. குனிய முடியாததால் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். ஆறு திருகுத் தலைகளும் பட்டையோடு பட்டையாக அமுங்கியிருந்தன. விரலுக்கு ஒன்றுமே தட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

"யார் போட்டது இது?"

"நான்தான். திருகுத் தலையை ஓட்டை வாயில கவுத்து வெச்சு அளவு பாத்துப் பாத்துப் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகலை."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அது சரி. உங்க அண்ணனுக்கு அந்த பீரோவைத் தூக்க வேற ஆளே கிடைக்கலையா?"

"நாலு ஆள் வர்றதாத்தான் இருந்தது. நான்தான் வேணாம்னு சொல்லச் சொன்னேன். நீங்க வீட்டுல இருந்தா மிஷின் எப்படிங்க என் கைக்கு வரும்?"