லிஃப்ட்காரருக்கு வெயில்

லிஃப்டுக்குள் ஸ்டூல் இருப்பதை மேலாளர் பார்த்துவிட்டார்.

"உக்காந்து பொத்தான் அழுத்தறதுக்கு ஒரு ஆளா? வர்றவங்களே அழுத்திப்பாங்களே," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இடுப்புவலி தாங்காமல் ஸ்டூல் போட்டிருந்த லிஃப்ட்காரருக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிந்தது. ஒன்று இடுப்புவலி போக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும்.

மனைவி அன்று மாலையே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த அறையில் நோயாளிக்கென்று ஒரே ஒரு நாற்காலி. லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். மனைவி பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் டாக்டரிடம் போவதென்றால் எப்போதும் யாருக்காவது துணைக்குத்தான் போவாள். டாக்டர் என்ன கேட்டாலும் லிஃப்ட்காரர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாய்க்கு விடுமுறை.

"அவருக்குச் சொல்லத் தெரியாதுங்க டாக்டர். காலைல எந்திரிச்சு கால ஊனினா குதிகால் நெருப்பா எரியும். கைய தலைக்கு மேல தூக்க முடியாது. ராத்திரி புரண்டு படுத்தா எலும்பெல்லாம் கழண்டு வர்ற மாதிரி இருக்கும்."

தனக்கு இடுப்பு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்திருந்த லிஃப்ட்காரர் ஆடிப்போய்விட்டார்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி தரையைத் தொட்டிருந்தது. உடம்பில் அழற்சி வேறு. பகல் முழுக்க வெளிச்சம் படாத பெட்டிக்குள் நின்றால் வேறென்ன ஆகும்? வாரம் ஒரு மாத்திரை, தினமும் கொஞ்சம் உச்சி வெயில், நல்ல ஓய்வு என்றார் டாக்டர்.

மாத்திரை சுலபமாக இருந்தது. வெயில்தான் மானத்தை வாங்கியது. உச்சி வெயில் அடிக்கும் நேரத்தில் அவர் லிஃப்டில் அல்லவா இருக்க வேண்டும்? லிஃப்டை மேல்மாடிக்கு ஓட்டிப் போய், கதவு மூடாமல் ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்கு நழுவினார். கீழே இருந்தவர்கள் பொத்தானைக் குத்திக் குத்தி அலுத்து, படியேறி வந்து மேலாளரிடம் கத்தினார்கள்.

மறுநாள் முட்டுக்கொடுக்காமல் போனார். அது இன்னும் மோசம். லிஃப்ட் தன் பாட்டுக்கு இறங்கியது, ஏறியது. எல்லாரும் தாங்களே பொத்தானை அழுத்தி, போக வேண்டிய மாடிக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தார்கள். அப்படியானால் இந்த ஆள் எதற்கு என்ற பேச்சு கிளம்பிவிட்டது. காதில் விழுந்ததும் லிஃப்டைப் பிடிக்கப் படிகளில் ஓடியதில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள், சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியோரம் மல்லாந்து கிடந்தவரின் தலைமாட்டில் மேலாளர் நின்றார்.

"நிக்க முடியும்னு டாக்டர் எழுதித் தந்தா வாங்க. இல்லன்னா வராதீங்க." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டிலேயே ராஜ வைத்தியம். தினமும் மனைவி மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமந்து போய் விரிப்பாள். குடிக்கத் தண்ணீர், இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம், வியர்வையில் நனைந்த விரிப்பைத் துவைத்துப் பிழிந்து காயப்போடுவது எல்லாம் அவள்தான். வெயில் இறங்கியதும் மெத்தையோடு அவளும் இறங்குவாள். வெந்நீரோடு படியேறும்போது அவள் முனகுவது மெத்தையில் கிடக்கும் அவருக்குக் கேட்கும். நமக்காக எவ்வளவு வேதனைப்படுகிறாள் என்று கண்கலங்குவார். கலங்கிவிட்டுப் புரண்டு படுப்பார். கெட்ட மனிதர் இல்லை. பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

மாத்திரை அட்டை காலியானதும் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போனார்கள். அதே நாற்காலி, அதே சுவர். எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிட்டது, வலி இல்லையென்றால் கடிதம் தந்துவிடலாம் என்றார் டாக்டர். லிஃப்ட்காரருக்கு வலி இல்லை. அதைச் சொல்லலாமா என்று வழக்கம்போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் சரியாகலைங்க," என்றாள் அவள். "துணி பிழிஞ்சா மணிக்கட்டு விட்டுப்போகுது. மெத்தையத் தூக்கிட்டு மாடி ஏறுறதுக்குள்ள ரெண்டு முட்டியும்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். லிஃப்ட்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் சுவரை விடவில்லை.

மூலையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸ் வந்து லிஃப்ட்காரரின் தோளைத் தொட்டாள்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. நோயாளி உக்காரட்டும்."