சுவரில் ஆறாவது பெயர்

அன்று காலை எல் ஸாலித்ரே ஊரில், ஹெர்மீனியாவின் சோளரொட்டிக் கடை முன் இருந்தவர்கள்: வரிசையில் பதினான்கு பேர், தேர்தல் அலுவலக ஆய்வாளர் ஒருவர், அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், ஒரு நாய். மாநில ஆளுநர் பதவிக்கு நிற்கக்கூடியவர்கள் ஐந்து பேரும் சுவரில் இருந்தார்கள்.

அங்கே ஆளுநரும் ஓட்டில் வருகிறவர்தான்; தேர்தலுக்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது. பிரசாரக் காலம் தொடங்கும்வரை தன்னை வேட்பாளர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். ஆகவே யாரும் சொல்லவில்லை. ஆளுயர எழுத்தில் பெயர்கள் மட்டும் சுவர் சுவராக வந்துகொண்டிருந்தன. ‘பௌதேலியோ: உங்களோடு.’ ‘லியோகாதியா: எப்போதும்.’ எழுதியது யார் என்று விசாரித்தபோது, மக்களின் தன்னிச்சையான அன்பு என்று ஐவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்த அன்பு ஹெர்மீனியாவின் கடைப் பெயரை மூடிவிட்டது. பேருந்தில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கடை இருக்கும் இடமே தெரியவில்லை. ரொட்டி மிஞ்சிக் காய்ந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, நேற்று அவளே ஏணி போட்டு ஏறி எழுதினாள்: ‘ஹெர்மீனியா: எல்லோருக்கும், தினமும், சூடாக.’

ஆய்வாளர் அதை நிதானமாகப் படித்தார்.

“இது முன்கூட்டிய பிரசாரம், ஹெர்மீனியாம்மா. அழிக்கணும். இல்லேன்னா கடைக்கு சீல்.”

“என் கடைப் பேருங்க அது!”

“மத்த அஞ்சு பேரும் வாக்குறுதி எதுவும் கொடுக்கல. நீங்க ‘சூடா’ன்னு கொடுத்திருக்கீங்க.”

“ரொட்டியைச் சொன்னேன்! நான் வேட்பாளரே இல்லைங்க.”

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. “அஞ்சு பேரும் இதையேதான் சொல்றாங்க. ஆறாவதுன்னு எழுதிக்கோப்பா.”

குடைக்காரர் குடையை மடக்கிவிட்டு எழுதிக்கொண்டார்.

வரிசையின் முன்னால் நின்ற ரெஃபூகியோ கைதட்டினாள். “அக்கா, எங்ககிட்டயே மறைச்சிட்டீங்களே! எங்க தெருவுக்குத் தார் போடுவீங்கல்ல?”

“என் மருமகனுக்கு ஒரு வேலை!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒண்ணும் தர மாட்டேன்! ரொட்டி வேணும்னா வாங்கு, இல்லேன்னா நகரு!”

“பாத்தீங்களா, என்னா கண்டிப்பு! என் ஓட்டு இவங்களுக்குத்தான்” என்றாள் ரெஃபூகியோ.

மறுக்க மறுக்க வேட்பாளராகிக்கொண்டிருப்பது ஹெர்மீனியாவுக்குப் புரிந்தது. கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள்.

“சரிங்க, ஒத்துக்கறேன். நான் வேட்பாளர்தான். பதவி வேணும். மாளிகை வேணும். முன்னாடி ரெண்டு கார், பின்னாடி ரெண்டு கார் வேணும்.”

ஆய்வாளருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

“பேரை அடிச்சிடுப்பா. இந்த மாநிலத்துல நிஜ வேட்பாளர் எவனும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்ல. இந்தம்மா ரொட்டிக்காரிதான். எழுத்து இருந்துட்டுப் போகட்டும்.”

ஹெர்மீனியா பெருமூச்சு விட்டு வரிசைப் பக்கம் திரும்பினாள். “எத்தனை கிலோ, ரெஃபூகியோ?”

“உன் ரொட்டி யாருக்கு வேணும்? இப்படியா ஒருத்தி பதவிக்கு அலைவா? அந்த அஞ்சு பேருல ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டாங்களா? பெரிய மனுஷங்க, அடக்கமா இருக்காங்க.”

பதினான்கு பேரும் போய்விட்டார்கள்.

சுவரில் அவள் பெயர் பேருந்து நிறுத்தம் வரை பளிச்சென்று தெரிந்தது. சுட்டது நாற்பது கிலோ. ஆய்வாளர் சான்றுக்கென்று இரண்டு கிலோ எடுத்துக்கொண்டார். நாய் ஒரு ரொட்டி தின்றது. மீந்தது முப்பத்தெட்டு கிலோ, அதில் ஒரு ரொட்டி குறைவு.