கண்ணாடிக்காரர் வாசல் குழி

சாலைப் பிரிவு ஆட்கள் பாதிக் குழியை மட்டும் மூடிவிட்டு மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்ததும், கண்ணாடிக்காரர் கடையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னப்பா இது? மீதி?"

"மீதி எங்களுது இல்ல சார்," என்றார் மேஸ்திரி. "இந்தப் பக்கம் ரோடு. அது எங்க பாடு. அந்தப் பக்கம் நடைபாதை. அது வேற பிரிவு."

"குழி ஒண்ணுதானேய்யா?"

"குழிக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். எங்களுக்குத் தெரியும்ல?"

லாரி கிளம்பிப் போய்விட்டது. அதுவரை குழி கிண்ணம் மாதிரி இருந்தது. விழுந்தவர்கள் ஏதாவது ஒரு பக்கமாகச் சரிந்து ஏறி வந்துவிடுவார்கள். இப்போது ரோட்டுப் பக்கம் செங்குத்தாக ஒரு தார்ச் சுவர். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்தி நடைபாதையில் காலை வைத்தார். கால் அதுபாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி விற்பவர். கீழே கடை, மேலே வீடு. இந்தக் குழியில் முதலில் விழுந்தது அவருடைய சொந்த மனைவி. கடை வாசலில், கணவன் கண்ணெதிரில், காய்கறிப் பையோடு. கணுக்கால் வீங்கிவிட்டது.

"ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறீங்க. நம்ம வாசல்ல கிடக்கிற குழி மட்டும் உங்க கண்ணுல படாது," என்று சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் வீட்டம்மா. "குழியை மூடுங்க, வரேன். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் போன் பண்ணி என்ன ஆச்சுன்னு சொல்லணும். ஆமா."

இரண்டாவது நிபந்தனைதான் கண்ணாடிக்காரரைக் கலக்கிவிட்டது. மனுஷன் பேசவே மாட்டார். கடையில் "மேல் வரிசை படிங்க, கீழ் வரிசை படிங்க" என்பதோடு சரி. வீட்டில் அதுவும் கிடையாது. 'ம்' என்றால் ஆமாம். 'ம்ஹூம்' என்றால் இல்லை. 'ம்?' என்றால் சாப்பாடு தயாரா என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார்.

ஆனால் மனைவி இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் காலி நாற்காலியைப் பார்த்து 'ம்' என்றார். "என்ன ம்?" என்று கேட்க ஆளில்லை. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். எப்படியாவது அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று நகராட்சிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டார். அங்கே போன் எடுக்கும் அம்மா கனிவாகப் பேசினார். "பதிவு பண்ணிட்டேன் சார். கவலையே படாதீங்க." அதன் பலன்தான் இந்தப் பாதிக் குழி.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தார்.

"வந்தாங்க. பாதி மூடினாங்க. போயிட்டாங்க."

"அவ்வளவுதானா? அது என்னங்க பாதி? விவரமா சொல்லுங்க."

"பாதின்னா பாதி."

"யார் வந்தாங்க? என்ன சொன்னாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

வேறு வழியில்லாமல் சொன்னார். மேஸ்திரி சொன்னதை மேஸ்திரி குரலிலேயே சொல்லிப் பார்த்தார். தபால்காரரின் கால் இறங்கிய கட்டத்தில் மனைவி குபீரென்று சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரருக்கு ஆச்சரியமாகிவிட்டது. நம்மாலும் ஒருத்தியைச் சிரிக்க வைக்க முடியுமா?

"நாளைக்கு நடைபாதைப் பிரிவு வருது," என்றார் உற்சாகமாக. "மீதியும் மூடியாச்சுன்னா நீ வந்துடலாம்."

"ஓ," என்றார் மனைவி.

மறுநாள் நடைபாதைப் பிரிவின் உதவிப் பொறியாளர் டேப்போடு வந்து குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தார்.

"இது குழி இல்ல சார்."

"பின்னே?"

"குழின்னா சுத்தி நாலு பக்கமும் சரிவா இருக்கணும். இது ஒரு பக்கம் நேரா இருக்கு. இது படி. படிதான்னு காலையிலேயே பொதுமக்கள்கிட்டேர்ந்து தகவலும் வந்துடுச்சு."

"எந்தப் பொதுமக்கள்?"

"பொதுமக்கள்னா பொதுமக்கள்தான் சார். பேரெல்லாம் கேட்கக்கூடாது. படின்னா மூட முடியாது. கைப்பிடி வேணா போட்டுத் தரலாம்."

போட்டே விட்டார்கள். பளபளவென்று மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கைப்பிடி, நடைபாதையில் ஆரம்பித்து நேராகக் குழிக்குள் இறங்கியது. முன்பெல்லாம் தவறி விழுந்துகொண்டிருந்த ஜனங்கள், இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக இறங்கினார்கள். கீழே போய் நின்று, எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டு ஏறினார்கள். ஒரு பெரியவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "கீழ என்ன ஆபீசு இருக்கு?" என்றார்.

பொதுமக்கள் யார் என்று கண்ணாடிக்காரர் மண்டையைக் குடைந்துகொண்டார். சட்டென்று பொறி தட்டியது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர்! குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான். குழியில் விழுகிறவன் பல் எங்கே போகும்? நேரே டாக்டரிடம் போகும்.

"உண்மையைச் சொல்லுங்க டாக்டர். குழியால உங்களுக்கு வியாபாரம் நடக்குது இல்ல?"

பல் டாக்டர் கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த நோயாளி திறந்தபடியே காத்திருந்தார்.

"என்ன பேச்சு பேசறீங்க? இந்தத் தெருவுக்காக நான் நாயா அலையறேன். விழுந்து உடைஞ்ச பல்லை நான் பார்க்கிறது கிடையாது. என் வேலை சொத்தைப் பல்லு!"

"ஆ..." என்றார் நோயாளி.

"நீங்க சும்மா இருங்க. கண்ணாடிக்காரரே, நாளைக்கே போராட்டம் வைக்கிறேன். குழிக்குள்ள பூச்செடி நடறோம். நகராட்சி வெட்கப்பட்டே ஆகணும்."

தெருவே திரண்டது. ரோஜா, சாமந்தி, யாரோ ஆர்வக் கோளாறில் ஒரு தக்காளி. குழிக்குள் நின்று கோஷம் போட்டார்கள். இடம் போதாததால் முறை வைத்து இறங்கினார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். சாயங்காலம் கண்ணாடிக்காரர் மனைவிக்கு ஒரு செடி விடாமல் விவரித்தார். கோஷங்களைப் போட்டே காட்டினார். பல் டாக்டர் கோஷத்தை மறந்துவிட்டு "நல்லா வாயைத் திறங்க!" என்று கத்தியதைச் சொன்னபோது, அந்தப் பக்கம் மனைவி சிரித்துச் சிரித்து விக்கிப் போனார். காது சுடும் வரை பேசினார்கள்.

"செடி அழகா இருக்குங்களா?" என்று கேட்டார் மனைவி.

"நம்ம ரோஜாதான் அழகு. அழகைப் பார்த்தா ஆச்சா? நாளைக்கு வெட்கப்பட்டு வந்து மூடிடுவாங்க பாரு."

நகராட்சி வெட்கப்படவில்லை. பூரித்துப் போனது. மறுநாள் பூங்காப் பிரிவு வந்து இறங்கியது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வேலி போட்டது. "நகரின் மிகச் சிறிய பூங்கா. பூக்களைப் பறிக்காதீர்" என்று பலகை நட்டது. விசிலோடு ஒரு காவலாளியையும் போட்டது.

"யார் சார் பூங்கா கேட்டாங்க?" என்று கண்ணாடிக்காரர் அலறினார்.

"பொதுமக்கள் கோரிக்கை சார். இவ்வளவு அழகான செடியெல்லாம் வீணாப் போயிடக்கூடாதுன்னு மனசுருகிக் கேட்டிருக்காங்க."

காவலாளி உட்கார்ந்தால் பூங்கா நிறைந்துவிடும். அதனால் அவர் கண்ணாடிக் கடைப் படியில் உட்கார்ந்து பூங்காவைக் காத்தார். கண்ணாடிக்காரர் காலையில் வீட்டை விட்டு இறங்கியதும் காவலாளி விசில் ஊதினார்.

"பூங்கா இன்னும் திறக்கல சார்."

"யோவ், நான் பூங்காவுக்கு வரல. என் வீட்லேர்ந்து வெளிய வரேன்."

"வேலிக்குள்ளதானே காலை வைக்கிறீங்க? திறந்ததும் வாங்க."

அதற்குள் ஜனங்களுக்குப் பூங்கா பிடித்துப்போய்விட்டது. பல் டாக்டர் சாயங்காலமானால் நாற்காலியைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டுக் காற்று வாங்கினார். "இருந்துட்டுப் போகட்டுமே, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு," என்றார். கண்ணைப் பற்றித் தன்னிடமே பேசுகிறாரே என்று கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று தானே மூடுவதற்கு மணல் மூட்டைகளை வாங்கி மாடியில் அடுக்கினார். விடிந்ததும் கொட்டிவிடுவதாகத் திட்டம். வழக்கப்படி மனைவியிடம் வீரமாகச் சொன்னார். விடிந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால், காவலாளியோடு பூங்காப் பிரிவு அதிகாரியும் நிற்கிறார்.

"பூங்காவை அழிக்கப் போறதா தகவல் வந்துச்சு. நீங்களா சார்? படிச்சவர் செய்யற வேலையா இது?"

"எவன் சொன்னான்?" என்று கண்ணாடிக்காரர் பல் டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் மாடியில் இருக்கும் மூட்டை தெரியும். பல் டாக்டர் பல் துலக்கிக்கொண்டே கையை ஆட்டினார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

செய்யத் துணிந்த குற்றத்துக்குப் பரிகாரமாக, கண்ணாடிக்காரரே தினமும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டார். மனைவியைக் கூட்டி வரப் புறப்பட்டவர், மனைவியைத் துரத்திய குழிக்குப் பூவாளியோடு பணிவிடை செய்தார். கண்ணில் நீர் முட்டியது. அவளுடைய கால் சரியாகி எவ்வளவோ நாளாகிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன குழிதான் பாக்கி.

அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அந்த யோசனை உதித்தது. பூவாளியைப் போட்டுவிட்டுப் பூங்காப் பிரிவுக்கு ஓடினார்.

"சார், பூங்கா பள்ளத்துல இருக்கு. செடிக்கு வெயிலே படல. வாடுது. பூங்காவைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க."

அன்று சாயங்காலம் போனில் இதைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. எத்தனை தடவை 'நாளைக்கு வந்துடலாம்' என்று ஆசை காட்டி ஏமாற்றியாயிற்று. முடிந்த பிறகு சொல்வோம் என்று இருந்துவிட்டார். ஆனால் பேச்சு வற்றவில்லை. காவலாளியின் குறட்டைக்கு விசில் தானாக ஊதுவதைச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு "எல்லாம் தெளிவா இருக்கு" என்ற கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார்.

"குழியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்றார் மனைவி.

"அது கிடக்கு. நீ சாப்டியா?"

"என்ன கேட்டீங்க?" என்றார் மனைவி. இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டு யாரும் கேட்டதில்லை.

பூங்காப் பிரிவு லாரி லாரியாக மண் கொட்டிக் குழியை நிரப்பி, செடிகளை மேலே நட்டுக் கொடுத்தது. பூங்கா நடைபாதைக்குச் சரிமட்டமாக வந்து நின்றது. உடனே கண்ணாடிக்காரர் நடைபாதைப் பிரிவுக்கு ஓடினார்.

"சார், யாரோ நடைபாதையை வளைச்சுப் போட்டுச் செடி வெச்சிருக்காங்க!"

"ஆக்கிரமிப்பா?" உதவிப் பொறியாளர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "யார் இடத்துல யார் வந்து செடி வைக்கிறது?"

ஆட்கள் பறந்து வந்தார்கள். வேலி போயிற்று, பலகை போயிற்று, செடிகள் பூந்தொட்டிக்குப் போயின. மண்ணை இறுக்கி மேலே சிமென்ட் பலகைகளைப் பதித்தார்கள். பொறியாளர் மஞ்சள் கைப்பிடியைப் பார்த்து, "சமதரையில கைப்பிடியா? எந்த முட்டாள் வெச்சான் இதை?" என்று பிடுங்கி எறியச் சொன்னார். காவலாளி விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பூங்காவுக்குக் கிளம்பினார்.

கண்ணாடிக்காரர் புது நடைபாதையில் நடந்து பார்த்தார். திரும்பி நடந்து பார்த்தார். பல் டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் நடக்க வைத்தார். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே டாக்டர்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியை நேரிலேயே போய்க் கூட்டி வந்துவிடுவது என்று நல்ல சட்டையை மாட்டிக்கொண்டார். போகிற வழியில் நகராட்சி அலுவலகம். ஆரம்பத்திலிருந்து கனிவாகப் பேசிய அந்தப் போன் அம்மாவுக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, கண்ணாடிக் கடை வாசல் குழின்னு புகார் குடுத்தேனே, நான்தான் அது. முழுசா மூடியாச்சும்மா! இதோ, என் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரத்தான் போயிட்டிருக்கேன்."

போன் அம்மா காதிலிருந்த கருவியைக் கழற்றினார். முகம் வாடிவிட்டது. பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

"போச்சு, மூடிட்டாங்களா? 'எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து எங்கூடப் பேசறதே இந்தக் குழி வந்தப்புறம்தான், எதை வேணா கட்டுங்க, அதை மட்டும் மூடிடாதீங்கம்மா'ன்னு உங்க வீட்டம்மா தினம் காலையில போன் பண்ணிக் கெஞ்சுவாங்களே சார், அவங்களுக்கு இனிமே நான் என்ன பதில் சொல்லுவேன்?"